ட்ரியாஜ் மேஜையில் மூச்சை எண்ணுவது எப்படி

டர்பன் பக்கத்து அவசரப் பிரிவுகளில் முதல்முறையாக ட்ரியாஜ் மேஜைக்கு, அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் இடத்துக்கு, வரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். நமக்கு இங்கே தென்னாப்பிரிக்க ட்ரியாஜ் அளவுகோல்தான் துணை. 2004-இல் கேப் டவுனில் ஒரு குழு கூடி இதை உருவாக்கத் தொடங்கியது. 2006-இல் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. டாக்டருக்காகக் காத்திருக்காமல் சிஸ்டரே நோயாளிக்கு நிறம் கொடுக்கலாம். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும், ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் 1 மணி நேரத்துக்குள், பச்சை 4 மணி நேரத்துக்குள்.

ஆள் உள்ளே வரும்போதே கண்ணை ஓட்டுங்கள். மூச்சுப்பாதை அடைத்திருக்கிறது, வலிப்பு நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது, முகம் வெந்திருக்கிறது என்றால் அளந்துகொண்டு நிற்காதீர்கள். சிவப்பு, நேரே உயிர்காக்கும் சிகிச்சை தரும் ரீசஸ் அறைக்கு. மற்றவர்களுக்குத்தான் மதிப்பெண் கணக்கு: நடக்கிறாரா, மூச்சு, நாடி, மேல் ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு, அடிபட்டதா என்று ஏழு விஷயங்கள். கூட்டினால் 7 அல்லது அதற்கு மேல் சிவப்பு, 5-6 ஆரஞ்சு, 3-4 மஞ்சள், 2 வரை பச்சை.

இந்த ஏழில் ஆறைக் கருவியும் கண்ணும் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும். அதனாலேயே அதில்தான் அதிகம் ஏமாற்றுகிறோம். எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் வரிசையாக 16, 16, 18 என்றே இருக்கும். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். உடம்பு கெட ஆரம்பிக்கும்போது பல நேரம் ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு வேகமாகிவிடும்.

எண்ணும் முறை இதுதான். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து முதலில் நாடி பாருங்கள். முடிந்ததும் கையை விடாதீர்கள். அப்படியே பார்வையை நெஞ்சுக்கு நகர்த்துங்கள். நாம் மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மூச்சை மாற்றிக்கொள்வார்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று, முழுசாக ஒரு நிமிடம். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நாலு தவறிவிடும். போர்வை, சால்வை, கனமான ஜாக்கெட் இருந்தால் கேட்டு விலக்குங்கள்.

சரி, ஓர் உதாரணம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓர் ஆயாவை, அதாவது வயதான பாட்டியை, அவர் மகன் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அம்மாவுக்கு கேஸ் பிரச்சினை, சிஸ்டர்" என்கிறார். உதவியோடு நடப்பதற்கு 1. நாடி 114, அதற்கு 2. ரத்த அழுத்தம் 140, காய்ச்சல் இல்லை, தெளிவாகப் பேசுகிறார், அடிபடவில்லை, எல்லாம் 0. மூச்சு 16 என்று பழக்கத்தில் எழுதினால் 1 சேர்ந்து மொத்தம் 4, மஞ்சள். எண்ணிப் பார்த்தால் 24. அதற்கு 2, மொத்தம் 5, ஆரஞ்சு. ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டியவர் பத்து நிமிடத்தில் டாக்டர் கண்ணுக்கு வந்துவிடுகிறார்.

அதோடு நிறுத்தாதீர்கள். "நேற்று ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தீங்க ஆயா?" என்று கேளுங்கள், மட்டமாகப் படுத்தால் மூச்சு திணறுகிறதா என்று தெரியும். ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்கிறாரா என்று காதைத் தீட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்று தெரிந்தால் மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் குறைந்தது ஆரஞ்சுதான், நெஞ்சுவலியும் அப்படியே. சர்க்கரை நோயுள்ள வயதான பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். வெறும் அசதி, குமட்டல், "கேஸ்" என்றுதான் சொல்வார்கள். வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

விரல் நுனியில் சர்க்கரையும் பாருங்கள். இங்கே மில்லிமோல் கணக்கு. 3-க்குக் கீழே போனால், தமிழ்நாட்டு மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 54, அது அவசரம், சிவப்பு. 11-க்கு மேல் இருந்து சிறுநீரில் கீட்டோனும் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) இருந்தால் ஆரஞ்சு.

குழந்தைகளுக்கு அட்டவணை வேறு. உயரம் 95 சென்டிமீட்டருக்குக் கீழ் ஒன்று, அங்கிருந்து 150 வரை இன்னொன்று. சுவரில் இரண்டு கோடு போட்டு வையுங்கள், வயதைத் தேடி நேரம் போகாது. அப்புறம், நம் நோயாளிகளில் நிறையப் பேர் சுலு பேசுபவர்கள். மூச்சு, வலி, சாப்பிடும் மருந்து, இந்த மூன்றையும் சுலுவில் கேட்கப் பழகுங்கள். உறவினர் மொழிபெயர்ப்பை நம்பியே இருந்தால் பாதி விஷயம் காணாமல் போகும்.

மாணவிகளைப் பழக்கும்போது ஒரே நோயாளியின் மூச்சை இருவரைத் தனித்தனியாக எண்ணச் சொல்லி, எழுதிய பிறகு ஒப்பிடுங்கள். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூவருமாகச் சேர்ந்து மறுபடி எண்ணுங்கள். திட்ட வேண்டாம், எண்ண வையுங்கள்.

நிறம் கொடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள். காத்திருக்கும் கூடத்தை அடிக்கடி சுற்றி வாருங்கள். முகம் மாறியவர்களுக்கு மறுபடியும் முழுக் கணக்கு போடுங்கள். மதிப்பெண் பச்சை என்று சொல்லியும் உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் சீனியர் சிஸ்டரையோ டாக்டரையோ கூப்பிடுங்கள். நிறத்தை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கூப்பிடும்போது முதல் வார்த்தையாக மூச்சு எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.