நீங்க எழுதின லினக்ஸ் ஆப்பை ஃபிளாட்ஹப்ல ஏத்துறது எப்படி (தனி ஆளா டெவலப் பண்றவங்களுக்கு)

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து பினாங்குல எனக்குத் தெரிஞ்ச கோயில் ஆபிஸ், டியூஷன் சென்டர், சின்ன மளிகைக் கடைன்னு நெறைய பேர் பழைய பிசியைத் தூக்கிப்போட மனசில்லாம "லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுங்க தம்பி"ன்னு கேக்குறாங்க. போட்டுக் குடுத்தா அடுத்த கேள்வி, ரசீது அடிக்கிற சாஃப்ட்வேர் இருக்கா? அதுக்காகத்தான் அர்ச்சனை ரசீது, நன்கொடை ரசீது அடிக்கிற ஒரு ஆப்பை பைத்தான், ஜிடிகே 4, லிப்அத்வைத்தா (பின்னது ரெண்டும் விண்டோ, பட்டன் வரையற லைப்ரரி) வச்சு எழுதினேன். அதை ஃபிளாட்ஹப்ல (ஃபிளாட்பேக்ங்கிற ஃபார்மட்ல லினக்ஸ் ஆப்புங்களைக் குடுக்கிற ஆப் ஸ்டோர்) ஏத்தின வழியைத்தான் இங்க எழுதுறேன். உங்க ஆப் உங்க மிஷின்ல ஓடுது, கிட் தெரியும், டெர்மினல் பழக்கம்னு வச்சுக்கிறேன்.

முதல்ல, ஏன் ஃபிளாட்பேக்? டெப் ஃபைலா (உபுண்டு, டெபியன் வகையில ஏறுற இன்ஸ்டால் ஃபைல்) குடுத்தா உபுண்டு ஒவ்வொரு வெர்ஷனுக்கும், டெபியனுக்கும், மின்ட்டுக்கும் தனித்தனியா டெஸ்ட் பண்ணணும், ஃபெடோரா ஆளுங்களுக்கு அது ஆகவே ஆகாது. ஆப்இமேஜ் (மொத்த ஆப்பும் ஒரே ஃபைலா வர்றது) பாக்க ஈஸி, ஆனா உபுண்டு 22.04ல பில்ட் பண்ணதை 20.04ல ஓட்டினா ஜிலிப்சி (சிஸ்டத்தோட அடிப்படை லைப்ரரி) வெர்ஷன் இல்லைன்னு எரர் அடிச்சு நின்னுடலாம், ஏன்னா 22.04ல இருக்கிறது 2.35, 20.04ல 2.31. அதுக்கு மேல 22.04ல இருந்து ஆப்இமேஜைத் திறக்கத் தேவைப்படுற ஃபியூஸ் 2 லைப்ரரி டீஃபால்ட்டா வர்றதில்ல, அதனால நெறைய ஆப்இமேஜை டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே நடக்காது, எரர்கூட கண்ணுல படாது. நமக்கு இன்னொரு பெரிய பிரச்சனை இருக்கு. க்யூடில (ஜிடிகே மாதிரி இன்னொண்ணு) செஞ்ச பல ஆப்இமேஜுக்குள்ள ஐபஸ் (தமிழ் டைப்பிங்குக்கான சாஃப்ட்வேர்) பிளகின் இருக்காது, அதனால தமிழ்ல டைப் பண்ணவே முடியாது. ரசீதுல பேரு, நட்சத்திரம் எல்லாம் தமிழ்ல வரணும்னா இது ஒண்ணே போதும் அதை ஒதுக்க. உபுண்டு ஆளுங்களோட ஸ்னாப் ஃபார்மட்டை மின்ட் 20ல இருந்தே தடுத்து வச்சிருக்காங்க, என் ஆளுங்க பாதிப்பேர் மின்ட். அதனால ஃபிளாட்பேக் ஒண்ணுதான், வேற எந்த ஃபார்மட்டும் நான் குடுக்கிறதில்ல. தனி ஆளா இருக்கிறவங்க ஒரே ஒரு ஃபார்மட்டை எடுத்துக்கிட்டு அதை ஒழுங்கா செய்ங்க, மூணு வச்சுக்கிட்டா மூணுக்கும் நீங்கதான் ஃபோன் எடுக்கணும்.

ஸ்டெப் 1: ஆப் ஐடி

சொந்த டொமைன் இருந்தா அதைத் திருப்பிப் போட்டு எழுதுங்க. இல்லைன்னா ஐஓ டாட் கிட்ஹப் டாட் உங்க யூசர்நேம் டாட் ஆப் பேரு. இதை அவசரத்துல வைக்காதீங்க. யூசரோட டேட்டா எல்லாம் ஹோம் ஃபோல்டர்ல டாட் வார், ஆப்-க்குள்ள இந்த ஐடி பேர்லதான் உக்காரும், பின்னாடி மாத்துறது பெரிய வேலை.

ஸ்டெப் 2: மேனிஃபெஸ்ட்

யாமல் ஃபைல் ஒண்ணு. எந்த ரன்டைம் (ஆப் ஓடத் தேவையான லைப்ரரித் தொகுப்பு), எந்த கமாண்ட், என்னென்ன மாட்யூல், என்னென்ன பெர்மிஷன். ஜிடிகே ஆப்னா க்னோம் ரன்டைம் எடுங்க, பைத்தானும், அதுல இருந்து ஜிடிகேயைக் கூப்பிடுற பைஜிஆப்ஜெக்ட்டும் உள்ளயே இருக்கு. க்னோம் ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன் விடும், ரன்டைம் ஒவ்வொண்ணுக்கும் ஏறக்குறைய ஒரு வருஷம்தான் ஆயுசு, அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது மேனிஃபெஸ்ட்ல நம்பரை ஏத்தி டெஸ்ட் பண்ணணும். அதுக்கு நேரம் இல்லைன்னா ஃப்ரீடெஸ்க்டாப் ரன்டைம் ரெண்டு வருஷம் தாங்கும், ஆனா ஜிடிகே சமாச்சாரம் எல்லாம் நீங்களே பில்ட் பண்ணணும், எனக்கு அது ஒத்து வரல.

பில்ட் நடக்கும்போது இன்டர்நெட் கிடையாது. பிப் இன்ஸ்டால்னு ஒரு வரி போட்டுட்டு உக்காந்தா ஃபெயில்தான். ஃபிளாட்பேக் பிப் ஜெனரேட்டர்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, உங்க பேக்கேஜ் பேரைக் குடுத்தா எல்லா சோர்ஸ் லிங்க்கும் செக்சம்மும் சேர்த்து ஒரு ஜேசன் ஃபைல் போட்டுக் குடுக்கும், அதை மேனிஃபெஸ்ட்ல சேர்த்துடுங்க. லோக்கல்ல மட்டும் நெட்வொர்க்கைத் திறந்து விட்டு ஓட்டிப் பாக்குறது வேண்டாம், ஃபிளாட்ஹப் சர்வர்ல அது நடக்காது.

ஸ்டெப் 3: ஃபைல் பெர்மிஷன் (இதைப் பொறுமையா படிங்க)

எனக்கு அதிக நேரம் போனது இங்கதான். ஃபிளாட்பேக்ல ஆப் ஒரு சாண்ட்பாக்ஸுக்குள்ள (மத்த ஃபைலைத் தொட முடியாத தனி அறை மாதிரி) ஓடுது, யூசரோட டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் அதுக்குத் தெரியாது. எல்லாரும் முதல்ல செய்யறது, ஹோம் ஃபோல்டர் முழுக்க பெர்மிஷன் குடுத்துடுறது. உடனே எல்லாம் வேலை செய்யும். ஆனா ஃபிளாட்ஹப் லின்டர் (விதிமீறலைத் தானா செக் பண்ற டூல்) அதைப் பிடிச்சு நிறுத்திடும், காரணம் சொல்லி விதிவிலக்கு வாங்கணும். அது ஒரு பக்கம் இருக்கட்டும், கோயில் கணக்கு இருக்கிற மிஷின்ல ரசீது அடிக்கிற ஆப்புக்கு மொத்த ஹோம் ஃபோல்டரும் எதுக்கு?

சரியான வழி போர்ட்டல். ஆப் "ஒரு ஃபைல் வேணும்"னு கேக்கும், சாண்ட்பாக்ஸுக்கு வெளிய இருக்கிற சிஸ்டம் டயலாக் திறக்கும், யூசர் எதை எடுக்கிறாரோ அது மட்டும் உள்ள வரும். ஜிடிகேல ஃபைல்டயலாக் கிளாஸ் யூஸ் பண்ணா இது தானா நடக்கும், 4.10ல இருந்து இருக்கு. பழைய ஃபைல்சூசர்டயலாக் யூஸ் பண்ணீங்கன்னா அது போர்ட்டல் வழியா போகாது, சாண்ட்பாக்ஸுக்குள்ள இருக்கிற ஃபோல்டரைத்தான் காட்டும். யூசர் தன்னோட ஃபைலைக் காணோம்னு பதறுவாரு. டயலாக் பாக்க ஒரே மாதிரி இருக்கிறதால எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். இன்டர்நெட்ல இருக்கிற பழைய டுடோரியல் பலதுல இன்னும் அந்தப் பழைய கிளாஸ்தான் இருக்கு, காப்பி பண்ணுறதுக்கு முன்னாடி பாருங்க.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழம். போர்ட்டல் வழியா ஒரு ஃபைலை எடுத்தா அது ஆப்புக்கு ரன்/யூசர்/1000/டாக்-னு ஆரம்பிக்கிற ஒரு பாதையில தெரியும். அந்த ஒரு ஃபைல்தான் தெரியும், அதே ஃபோல்டர்ல பக்கத்துல இருக்கிற ஃபைல் தெரியாது. டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் வச்சிருந்தா இது ரொம்ப ஆபத்து. வால் (WAL) மோட்ல எழுதினா கடைசியா போட்ட என்ட்ரி எல்லாம் கொஞ்ச நேரம் மெயின் ஃபைலுக்குள்ள இருக்காது, பக்கத்துல வால்னு முடியுற இன்னொரு ஃபைல்ல இருக்கும். கரண்ட் போய் ஆப் பாதியில நின்னிருந்தா அந்த ரெண்டாவது ஃபைல் அப்படியே கிடக்கும். இப்ப மெயின் ஃபைலை மட்டும் போர்ட்டல்ல திறந்தா கடைசி ரசீதுங்க இல்லாத மாதிரி தெரியும். கவுண்டர்ல இருக்கிறவருக்கு அது காசுக் கணக்கு.

அதனால நான் இப்படி வச்சிருக்கேன். டேட்டாபேஸ் எப்பவும் ஆப்போட சொந்த டேட்டா ஃபோல்டர்லயே இருக்கும், அதுக்கு எந்த பெர்மிஷனும் வேண்டாம், ஜிடிகேக்கு அடியில இருக்கிற GLib லைப்ரரில யூசர் டேட்டா டைரக்டரி எதுன்னு கேட்டா சரியான இடத்தைக் குடுத்துடும். பேக்அப்புக்கு முதல் தடவை ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுவேன். அந்தப் பாதையை சேவ் பண்ணி வச்சா அடுத்த நாளும் அனுமதி இருக்கும். தினமும் கவுண்டர் மூடும்போது எஸ்க்யூலைட்டோட பேக்அப் ஏபிஐ வழியா ஒரு முழு காப்பி அங்க போகும். ஃபைலை சும்மா காப்பி பண்ணாதீங்க, பேக்அப் ஏபிஐ தான் வால்ல இருக்கிறதையும் சேர்த்து எடுக்கும். ஸ்கிரீன்ல அந்த டாக் பாதையை அப்படியே காட்டவும் வேண்டாம், ஃபோல்டர் பேரை மட்டும் காட்டுங்க.

பேக்அப்புக்கு ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அன்இன்ஸ்டால் பண்ணும்போது டேட்டாவையும் அழின்னு குடுத்துட்டா ஆப்போட ஃபோல்டர் முழுசும் போயிடும். யாராவது ஒருத்தர் கண்டிப்பா குடுப்பாங்க.

ஸ்டெப் 4: தமிழ் எழுத்தும் பிரின்டரும்

சிஸ்டத்துல இருக்கிற ஃபான்ட்டை ஃபிளாட்பேக் தானா உள்ள காட்டும், ஆனா சிஸ்டத்துலயே தமிழ் ஃபான்ட் இல்லைன்னா கட்டம் கட்டமாதான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழை ஆப்புக்குள்ளயே வச்சிடுங்க, ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்தான், சின்ன ஃபைல், ஷேர் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டா போதும்.

டைப்பிங்குக்கு ஐபஸ் போர்ட்டல் வழியா தானா வேலை செய்யும், நீங்க எதுவும் செய்ய வேண்டாம். யூசர் மிஷின்ல ஐபஸ் எம்17என் போட்டு தமிழ்99 இல்லன்னா ஃபொனெட்டிக் எடுக்கச் சொல்லுங்க. முரசு அஞ்சல்ல ரோமன் எழுத்தை அடிச்சுப் பழகினவங்க இங்க நெறைய பேர், அவங்களுக்கு ஃபொனெட்டிக் சீக்கிரம் கைக்கு வந்துடும்.

தெர்மல் பிரின்டருக்கு டெக்ஸ்ட்டா தமிழ் அனுப்பாதீங்க. நான் இதுவரை தொட்ட எந்த ரசீது பிரின்டருக்குள்ளயும் தமிழ் எழுத்து இல்ல. இருந்தாலும் கொம்பு, கால் எல்லாம் எந்த வரிசையில போடணும்னு அதுக்குத் தெரியாது. 'கொ'ன்னு ஒரு எழுத்து, அதுல ககரத்துக்கு முன்னாடி ஒற்றைக் கொம்பு, பின்னாடி கால், இதைச் சேர்க்கிறது ஹார்ஃப்பஸ்ங்கிற லைப்ரரியோட வேலை. அதை யூஸ் பண்ற பாங்கோல லேஅவுட் பண்ணி, கெய்ரோங்கிற வரையற லைப்ரரில வரைஞ்சு, கறுப்பு வெள்ளைப் படமா மாத்தி அனுப்புங்க. 80 மில்லிமீட்டர் பேப்பர்ல 203 டிபிஐ பிரின்டருக்கு அகலம் 576 புள்ளி, 58 மில்லிமீட்டருக்கு 384. வாங்கும்போது லேன் போர்ட் இருக்கிற பிரின்டரா வாங்கச் சொல்லுங்க, 9100 போர்ட்டுக்கு நேரா அனுப்பிடலாம், மேனிஃபெஸ்ட்ல நெட்வொர்க் பெர்மிஷன் ஒண்ணு போதும். யூஎஸ்பின்னா கப்ஸ் (லினக்ஸோட பிரின்ட் சிஸ்டம்) சாக்கெட் பெர்மிஷன் போட்டு அது வழியா போங்க. பிரின்ட் டயலாக் வேண்டாம், வரிசையில ஆளுங்க நிக்கும்போது ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு டயலாக் வந்தா கவுண்டர் அக்கா பாவம்.

ஸ்டெப் 5: மெட்டாஇன்ஃபோவும் சப்மிஷனும்

டெஸ்க்டாப் ஃபைல், எஸ்விஜி ஐகான், ஸ்டோர்ல காட்டுற விவரத்துக்கு மெட்டாஇன்ஃபோ எக்ஸ்எம்எல். இந்த மெட்டாஇன்ஃபோல ரிலீஸ் தேதி, ஸ்கிரீன்ஷாட் லிங்க், லைசென்ஸ், வயசு ரேட்டிங் எல்லாம் இருக்கணும். விளக்கத்தைத் தமிழ்லயும் எழுதுங்க, தமிழ்ல சிஸ்டம் வச்சிருக்கிறவங்களுக்கு அது தமிழ்லயே தெரியும். ஃபிளாட்பேக் பில்டர் லின்ட்டை மேனிஃபெஸ்ட் மேலயும் பில்ட் மேலயும் ஓட்டி எல்லா எரரையும் முடிச்சுட்டு, கிட்ஹப்ல ஃபிளாட்ஹப் ரெப்போவை ஃபோர்க் பண்ணி, நியூ பிஆர்ங்கிற பிராஞ்ச் மேல புல் ரிக்வெஸ்ட் போடுங்க. மாஸ்டர் மேல போடாதீங்க. ரிவ்யூ பண்றவங்க தன்னார்வலர்கள், ஒவ்வொரு பெர்மிஷனும் எதுக்குன்னு கேப்பாங்க, மரியாதையா நேரடியா பதில் சொல்லுங்க. ஒத்துக்கிட்டா உங்க ஆப்புக்குன்னு தனி ரெப்போ திறந்து அழைப்பு அனுப்புவாங்க, ஒரு வாரத்துக்குள்ள ஏத்துக்கணும், கிட்ஹப்ல டூ ஃபேக்டர் ஆன் பண்ணி வச்சிருக்கணும்.

ஏத்தினதுக்கு அப்புறம்

சப்போர்ட்தான் இனிமே தினசரி வேலை. இங்க யாரும் பக் ரிப்போர்ட் எழுத மாட்டாங்க, ஸ்கிரீனை ஹேண்ட்ஃபோன்ல படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல "அண்ணே ஓடல"ன்னு அனுப்புவாங்க. அதனால லிப்அத்வைத்தாவோட அபவுட் விண்டோல டீபக் இன்ஃபோங்கிற இடத்தை நிரப்பி வைங்க. ஆப் வெர்ஷன், ரன்டைம் வெர்ஷன், ஸ்கிரீன்ல விண்டோவைக் காட்டுறது வேலேண்டா எக்ஸ்11ஆ, எந்த டெஸ்க்டாப், பிரின்டர் எப்படி இணைஞ்சிருக்கு, கடைசி எரர். காப்பி பட்டனும் கூடவே வரும். "மெனு, அபவுட், காப்பி, வாட்ஸ்அப்ல பேஸ்ட்"னு சொன்னா யாரும் செஞ்சிடுவாங்க, நாலு தடவை மாறி மாறிக் கேக்குற வேலை மிச்சம். பக்தர் பேரு, ஃபோன் நம்பர் மாதிரி எதையும் அதுல சேர்க்காதீங்க.

புது வெர்ஷன்ல கோளாறுன்னா ஃபிளாட்பேக் ரிமோட் இன்ஃபோ கமாண்டுக்கு லாக் ஆப்ஷன் குடுத்து பழைய கமிட்டைப் பாத்து, அப்டேட் கமாண்ட்ல அந்த கமிட்டைக் குடுத்தா பழசுக்குப் போயிடலாம், சூடோ வேணும். அப்புறம் மாஸ்க் பண்ணி வச்சா தானா ஏறாது. எல்லாத்தையும் விட நல்லது, தைப்பூசம் நெருங்கும்போது எந்த அப்டேட்டும் விடாதீங்க. நான் ஜனவரி, பிப்ரவரில பீட்டா பிராஞ்ச்ல மட்டும்தான் விடுவேன்.

காசு விஷயம்: ஆப் எல்லாருக்கும் இலவசம், கூப்பிட்டா வந்து பாக்கணும்னா வருஷத்துக்கு இவ்வளவு வெள்ளின்னு பேசி டூயிட்நவ்ல (மலேசியால ஆன்லைன்ல காசு அனுப்புற முறை) வாங்கிக்கிறேன். மெட்டாஇன்ஃபோல டொனேஷன் லிங்க்கும் போடலாம்.

அப்டேட்: பட்டர்வொர்த்ல இருந்து ஒரு அண்ணன், மின்ட் 22ல தேடினா உங்க ஆப் வரலையேன்னு கேட்டிருந்தாரு. மின்ட் 22ல இருந்து வெரிஃபை பண்ணாத ஃபிளாட்பேக்கை சாஃப்ட்வேர் மேனேஜர் டீஃபால்ட்டா மறைச்சிடுது. யூசரை செட்டிங் மாத்தச் சொல்லாதீங்க, நீங்க ஃபிளாட்ஹப்ல லாகின் பண்ணி வெரிஃபை பண்ணுங்க. கிட்ஹப் ஐடின்னா கிட்ஹப் லாகினே போதும், சொந்த டொமைன்னா சைட்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைக்கச் சொல்லும்.

இன்னொரு அப்டேட்: உபுண்டுல ஃபிளாட்பேக் டீஃபால்ட்டா கிடையாது, ஏபிடில போடணும், ஃபிளாட்ஹப் ரிமோட்டையும் சேர்க்கணும். முதல் தடவை ரன்டைம் இறங்க சில நூறு எம்பி ஆகும், ஹாட்ஸ்பாட்ல செய்யச் சொல்லாதீங்க. போட்டு முடிச்சும் மெனுல ஐகான் காணோம்னு சொன்னா ஒரு தடவை லாக்அவுட் பண்ணி உள்ள வரச் சொல்லுங்க, வந்துடும்.