சிறு நிறுவன மெயில் சர்வரில் ஸ்பேம் வடிகட்டி: மதிப்பெண்ணைத் தொடும் முன் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

ஒரு சின்னப் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் மெயில் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். போலி கொட்டேஷன், ‘பேமெண்ட் அட்வைஸ்’ என்ற பெயரில் ஜிப் கோப்பு, ‘மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது’ என்று பாஸ்வேர்டு கேட்கும் மெயில் எல்லாம் தினமும் வரும். ஆனால் புது பையர் அனுப்பிய முதல் விசாரணை மெயில் தொலைந்தால் ஒரு ஆர்டரே கைவிட்டுப் போகும். ஸ்பேம் ஒன்றிரண்டு உள்ளே வந்தாலும் பரவாயில்லை, நல்ல மெயில் வாசலில் நிற்கக்கூடாது. கீழே உள்ள எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

உபுண்டு அல்லது டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை வாங்கி அனுப்புவது) டவ்காட்டும் (மெயில்பெட்டிகளைக் காப்பது) ஓடுகின்றன, அனுப்புபவர் உண்மையானவரா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். கோப்புப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். சர்வரில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: ஸ்பேம் வடிகட்டியான ஆர்ஸ்பேம்டி, அது தன் தரவைச் சேமிக்கும் ரெடிஸ் இரண்டையும் நிறுவுங்கள். இன்னொரு வடிகட்டியான ஸ்பேம்அசாசினும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அதோடு, அதைப் போஸ்ட்ஃபிக்ஸுடன் இணைக்கும் அமாவிஸையும் சேர்த்துக் கட்டி மேய்ப்பதைவிட, டிகிம் கையெழுத்து வரை ஒரே இடத்தில் முடிக்கும் ஆர்ஸ்பேம்டியைத்தான் சிறு சர்வருக்குச் சொல்வேன். டெபியன் களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம். ஆர்ஸ்பேம்டியின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுங்கள். மாற்றங்கள் எல்லாம் ‘லோக்கல் டாட் டி’ அடைவுக்குள் மட்டும். மூலக் கோப்புகளைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் சிக்கல் வரும்.

படி 2: போஸ்ட்ஃபிக்ஸின் ‘மெயின் டாட் சிஎஃப்’ கோப்பில் மில்டர் (மெயிலை வடிகட்டியிடம் காட்டும் இணைப்பு) முகவரியாக லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 11332 கொடுங்கள். ‘மில்டர் டிஃபால்ட் ஆக்‌ஷன்’ என்பதை ‘அக்செப்ட்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஆர்ஸ்பேம்டி படுத்துவிட்டால் வரும் மெயில்களை எல்லாம் போஸ்ட்ஃபிக்ஸ் தற்காலிகமாகத் திருப்பி அனுப்பும்.

படி 3: டிஎன்எஸ், அதாவது பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித் தரும் அமைப்பு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எனக்கும் அதிக நேரம் பிடித்தது இதுதான். எந்தப் பிழைச்செய்தியும் கண்ணில் படாது. எல்லாம் ஓடுவதுபோலவே இருக்கும், ஸ்பேம் மட்டும் நிற்காது.

காரணம் இது. அனுப்பிய ஐபி கெட்ட பெயர் எடுத்ததா என்று ஆர்ஸ்பேம்டி ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களை டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறது. கேள்வி கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் சர்வர்) வழியாகப் போனால் ஸ்பாம்ஹவுஸ் பதில் தர மறுக்கும். யார் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதே.

சர்வரில் ‘டிக்’ கட்டளையால் 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹவுஸ்.ஆர்க் என்ற சோதனை முகவரியைக் கேட்டுப் பாருங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 வந்தால் சரி. 127.255.255.254 வந்தால் உங்களுக்கும் இதே சிக்கல்தான். தீர்வு சுலபம்: உங்கள் சர்வரிலேயே ஓடும் ரிசால்வரான அன்பவுண்டை நிறுவுங்கள், அதில் ஃபார்வர்டர் (கேள்வியை வேறு ரிசால்வருக்குத் தள்ளும் அமைப்பு) எதுவும் போடாதீர்கள், ‘லோக்கல் டாட் டி’க்குள் ‘ஆப்ஷன்ஸ் டாட் இன்க்’ கோப்பின் டிஎன்எஸ் பகுதியில் நேம்சர்வராக 127.0.0.1 கொடுங்கள். ஆர்ஸ்பேம்டியை மறுதொடக்கம் செய்தபின், அதே சோதனையை 127.0.0.1-இடமே மறுபடி கேளுங்கள்.

படி 4: மதிப்பெண்கள். ஆர்ஸ்பேம்டி ஒவ்வொரு மெயிலுக்கும் ஸ்பேம் மதிப்பெண் போடும். இயல்பாக 4-இல் கிரேலிஸ்ட் (கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பச் சொல்வது), 6-இல் ஸ்பேம் என்று ஹெடரில் (மெயிலின் மறைவான விவர வரிகளில்) குறி, 15-இல் நிராகரிப்பு. இதை அப்படியே விடுங்கள். நிராகரிப்பை 10-க்கு, 8-க்கு இறக்கச் சொல்பவர்கள் உண்டு. வியாபார மெயிலுக்கு அது ஆபத்து. சொந்த டொமைனைச் சரியாக அமைக்காத பையர்கள் நிறையப் பேர். டிஎன்எஸ் சரியாக இருந்தால் இந்த எண்களே போதும்.

படி 5: குறி விழுந்த மெயிலில் ‘எக்ஸ்-ஸ்பேம்: யெஸ்’ என்ற ஹெடர் இருக்கும். டவ்காட்டின் சீவ் (மெயிலைப் பிரித்து வைக்கும் விதிமொழி) விதி ஒன்றில் அதைப் பிடித்து ஜங்க் ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். தினம் ஒரு முறை ஜங்க்கைப் பார்க்கும்படி அலுவலகத்தில் சொல்லிவையுங்கள்.

படி 6: பேய்ஸ் பயிற்சி, அதாவது பழைய மெயில்களைக் காட்டி ஸ்பேமை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பது. ஸ்பேம் 200, நல்ல மெயில் 200 கற்ற பிறகுதான் அது வாய் திறக்கும். ஸ்பேமை மட்டும் கொட்டிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. கணக்குப் பிரிவு, மெர்ச்சண்டைசர் இன்பாக்ஸ்களில் இருக்கும் பழைய நல்ல மெயில்களையும் ‘ஆர்ஸ்பேம்சி லேர்ன் ஹேம்’ கட்டளையால் ஊட்டுங்கள்.

ஆர்ஸ்பேம்டியின் வலைத்திரை போர்ட் 11334-இல் இருக்கும். அதை வெளியே திறக்காதீர்கள். எஸ்எஸ்எச் டனல் வழியாகப் போங்கள்.

பின்னர் சேர்த்தது: அன்பவுண்ட் போட்டும் 127.255.255.254 தான் வருகிறது என்றார் ஒரு நண்பர். அவருடைய சர்வரின் பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் டிஎன்எஸ் பதிவு), சர்வரை வாடகைக்குத் தந்த விபிஎஸ் நிறுவனம் வைத்த எண்கள் நிறைந்த பொதுப்பெயரிலேயே இருந்தது. ஸ்பாம்ஹவுஸ் அதையும் ஏற்காது. உங்கள் மெயில் சர்வர் பெயருக்கு மாற்றுங்கள்.

இன்னொருவருக்கு ஓடிபி மெயில்கள் தாமதமாக வந்தன. அது கிரேலிஸ்டிங்கின் வேலை: சந்தேகமான மெயிலை 5 நிமிடம் கழித்து மறுபடி வரச் சொல்லும், அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். வங்கி, ஜிஎஸ்டி தளங்களை அன்றாடம் பயன்படுத்தும் அலுவலகம் என்றால் ‘கிரேலிஸ்ட் டாட் கான்ஃப்’ கோப்பில் ‘எனேபிள்ட்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிடுங்கள்.