டாக்டர் ஹூ எபிசோட் எடுபட்டதா? ரசிகர் கருத்தைக் கணக்கெடுக்கும் முறை

பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் புது எபிசோட் முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு கூட்டம் “இதுவரை வந்ததிலேயே இதுதான் டாப்” என்று எழுதும். இன்னொரு கூட்டம் “தொடருக்குச் சங்கு ஊதியாச்சு” என்று எழுதும். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். சொன்னவர் யார், எப்போது சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார் என்ற மூன்றையும் பிரித்துவிட்டால் அந்தக் கூச்சலிலிருந்து உருப்படியான தகவல் கிடைக்கும். அதற்கு ஓர் எக்செல் தாள், 60 முதல் 90 கருத்துகள், கொஞ்சம் பொறுமை போதும். முடிந்தால் கூட ஒரு ஆள்.

முதலில் எண்கள். பார்த்தவர் எண்ணிக்கை வேறு, பிடித்தவர் எண்ணிக்கை வேறு. ‘சிட்டி ஆஃப் டெத்’ கதையின் நான்காம் பாகத்தை 1979 அக்டோபர் 20 அன்று 1 கோடியே 61 லட்சம் பேர் பார்த்தார்கள். இந்தத் தொடரின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். கதை நன்றாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாரம் போட்டிச் சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் முடங்கிக் கிடந்தது. அன்றைய பிரிட்டனில் இருந்ததே மூன்று சேனல்கள். அதில் ஒன்று போனால் மிச்சமிருப்பவற்றுக்குக் கூட்டம் சேரத்தான் செய்யும். அதனால் தாளில் பார்வையாளர் எண்ணிக்கையைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். எதிரில் என்ன ஓடியது, விடுமுறை நாளா, கால்பந்துப் போட்டி இருந்ததா என்று பக்கத்துக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணிக்கையிலும் இரண்டு வகை உண்டு. மறுநாள் காலையில் வருவது அன்றிரவு பார்த்தவர்களின் கணக்கு. ஒரு வாரம் கழித்து, பதிவு செய்தும் ஆன்லைனிலும் பார்த்தவர்களைச் சேர்த்து வருவது இறுதிக் கணக்கு. 2018இல் புதிய டாக்டராக (தொடரின் நாயகப் பாத்திரம், நடிகர் மாறும்போது கதையில் அவர் உருமாறுவார்) ஜோடி விட்டேக்கர் அறிமுகமான ‘த வுமன் ஹூ ஃபெல் டு எர்த்’ அன்றிரவுக் கணக்கில் சுமார் 82 லட்சம், ஒரு வாரக் கணக்கில் 1 கோடியே 9 லட்சத்துக்கும் மேல். “ரேட்டிங் விழுந்துவிட்டது” என்று யாராவது எழுதினால், பழைய எபிசோடின் ஒரு வாரக் கணக்கையும் புதிய எபிசோடின் ஒரு ராத்திரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். இந்தக் குளறுபடி எப்போது பார்த்தாலும் நடக்கும்.

பிடித்ததா என்று நேராகக் கேட்கும் எண் ஒன்றும் இருக்கிறது. பிபிசி தன் பார்வையாளர் குழுவிடம் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு, சராசரி எடுத்து, பத்தால் பெருக்கி வெளியிடும் ரசனைக் குறியீடு அது. ஏஐ என்று சுருக்கிச் சொல்வார்கள் (இப்போதைய ஏஐ அல்ல, அதற்கு ரொம்ப முந்தியது). இதைப் பரீட்சை மார்க் போலப் படிக்கக் கூடாது. 2005 முதல் 2017 வரை வந்த டாக்டர் ஹூ எபிசோடுகள் எல்லாமே 76க்கும் 91க்கும் நடுவில் அடங்கிவிடும். ஆகவே 76 என்றால் தரைமட்டம், 85 என்றால் அருமை. 2008இல் ‘த ஸ்டோலன் எர்த்’, ‘ஜர்னீஸ் எண்ட்’ இரண்டும் 91 வாங்கின. 1980களின் எண்களை இவற்றோடு ஒப்பிடாதீர்கள். அன்றைய அளவுகோல் வேறு, அறுபதுகளில் வந்தாலே அப்போது சாதாரணம்.

இந்தக் குழுவில் இருப்பவர்கள் பொதுமக்கள். ரசிகர்கள் வேறு ஜாதி. இரண்டு தரப்பும் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்று பார்க்க ‘ஹெவன் சென்ட்’ (2015 நவம்பர் 28) ஒன்றே போதும். அப்போது டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி ஏறத்தாழத் தனியாளாக ஒரு கோட்டைக்குள் அலைகிறார். பின்னாலேயே முகத்திரை போட்ட ஓர் உருவம் மெதுவாக நடந்து வருகிறது. வைரத்தைவிடக் கடினமான ஒரு சுவரை வெறுங்கையால் குத்துகிறார், சாகிறார், மறுபடி முதலிலிருந்து. இப்படியே 450 கோடி ஆண்டுகள். இதற்குப் பொதுமக்கள் கொடுத்தது 80. அந்த சீசனில் அதைவிடக் குறைவாக வாங்கியது ‘ஸ்லீப் நோ மோர்’ மட்டும்தான், 78. ரசிகர் வாக்கெடுப்புகளிலோ ‘ஹெவன் சென்ட்’ எப்போதும் மேலே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளோடு உட்கார்ந்தவருக்கு வசனமே இல்லாமல் நீளும் காட்சிகள் சோதனை. முந்தைய எபிசோடில் டாக்டரின் தோழி கிளாரா செத்ததைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அதே காட்சிகள்தான் விருந்து. இரண்டு எண்ணையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாருக்கும் பொருந்தாத ஒரு மூன்றாவது எண்தான் மிஞ்சும். தாளில் பொதுமக்கள், ரசிகர்கள், குழந்தைகள் என்று மூன்று பத்தி போட்டுக்கொண்டு, கடைசிவரை மூன்றையும் கலக்காதீர்கள்.

எப்போது திரட்டுவது? மூன்று தவணை: முடிந்த 24 மணி நேரத்துக்குள், ஏழாம் நாள், ஆறு மாதம் கழித்து. தவணைக்கு 20 முதல் 30 கருத்துகள். முதல் தவணையில் உணர்ச்சி அதிகம், காரணம் குறைவு. ஏழாம் நாளில் இரண்டாவது முறை பார்த்தவர்கள் வந்துவிடுவார்கள். கதை ஓட்டையைக் கண்டுபிடிப்பவர்களும் அவர்கள்தான், அதை அடைப்பவர்களும் அவர்கள்தான்.

நம் ஊரிலிருந்து திரட்டுபவர்கள் நேரத்தில் கவனம் வையுங்கள். பிரிட்டனில் கோடைக்காலச் சனிக்கிழமை இரவு 7.35க்கு எபிசோட் முடிந்தால் இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிறு அதிகாலை 12.05. சனிக்கிழமைத் தேதியை மட்டும் போட்டு வடிகட்டினால் உண்மையான முதல் எதிர்வினை மொத்தமும் போய்விடும், டிரெய்லரைப் பற்றிய ஊகங்கள் மட்டும் மாட்டும். குளிர்காலத்தில் நேர வித்தியாசம் நாலரை மணியிலிருந்து ஐந்தரை மணியாகும். 2024இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அந்த ஆண்டு எபிசோடுகள் பிபிசியின் ஆன்லைன் தளமான ஐபிளேயரில் நள்ளிரவிலேயே வந்தன, 2025இல் காலை 8 மணிக்கு. டிவியில் சாயங்காலம்தான். அதாவது ஒரே நாளில் இரண்டு அலைகள். முதல் அலை காத்திருந்து பார்க்கும் தீவிர ரசிகர்கள், இரண்டாவது அலை குடும்பங்கள். மணியையும் குறிக்காவிட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

அடுத்தது குறியிடுவது. பெரும்பாலானோர் சொதப்புவது இங்கேதான். “பிடித்தது, பிடிக்கவில்லை” என்று இரண்டே பெட்டி வைத்தால் ஒன்றும் தெரியாது. எதைப் பற்றிய கருத்து என்பதற்கு ஏழு குறி போதும்: கதை, நடிப்பு, வில்லன் அல்லது பயம், முடிவு, பழைய கதைகளோடு பொருத்தம், கதை சொல்லவரும் கருத்து, தொழில்நுட்பம். ஒவ்வொரு குறிக்கும் +1, 0, −1. ஒரே கருத்துக்கு மூன்று குறிகள்வரை போடலாம். உதாரணமாக, “டாக்டர் கலக்கிட்டார், ஆனா கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒரு பட்டனை அமுக்கி எல்லாத்தையும் சரிபண்ணிட்டாங்க” என்பதில் நடிப்பு +1, முடிவு −1. “இசை வசனத்தையே மூடிடுச்சு” என்பது தொழில்நுட்பம் −1 மட்டும். அதைக் கதையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், எழுத்தாளர் பாவம்.

இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1976இன் ‘த டெட்லி அசாசின்’ சாட்சி. ஒளிபரப்பானபோது இரண்டு திசையிலிருந்து அடி விழுந்தது. டிவியில் வன்முறையை எதிர்த்துப் பிரசாரம் செய்துவந்த மேரி வொயிட்ஹவுஸ் மூன்றாம் பாகத்தின் முடிவைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியபடி காட்சி உறைகிறதே, குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் இதுவா என்று கேட்டார். பிபிசி மன்னிப்புக் கேட்டது, பிறகு அந்த இடத்தை மூல நாடாவிலேயே வெட்டியது. அதே நேரம் ரசிகர் சங்கமும் கொதித்தது, ஆனால் வன்முறைக்காக அல்ல. மகான்களைப் போலிருந்த டைம் லார்டுகளை (டாக்டரின் இனத்தார்) சண்டைக்கோழிக் கிழவர்களாகக் காட்டிவிட்டார்கள் என்பதுதான் அவர்கள் ஆத்திரம். மேலோட்டமாகப் பார்த்தால் “எல்லாருக்கும் பிடிக்கவில்லை” என்று எழுதிவிடலாம். குறியிட்டால் ஒன்று பயத்தில் −1, மற்றது பொருத்தத்தில் −1. பயத்தைப் பற்றிய புகார் காலத்தோடு ஆறிப்போகும். பொருத்தத்தைப் பற்றிய புகார் சில சமயம் தலைகீழாகவே மாறும்: ஒரு டைம் லார்டு பன்னிரண்டு முறைதான் உருமாறலாம் என்ற விதியும், அவர்கள் சமூகத்தை நிறுவியவரான ராசிலான் என்ற பெயரும் அந்தக் கதையில்தான் முதலில் வந்தன. பின்னால் வந்த ரசிகர்களுக்கு அதுவே வேதம். ஆறாம் மாதத் தவணையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கூட ஆள் இருந்தால் முதல் 20 கருத்துகளை இருவரும் தனித்தனியாகக் குறியிட்டு ஒப்பிடுங்கள். 16க்குக் குறைவாக ஒத்துப்போனால் குறிகளின் விளக்கம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் தகராறு ‘கதை’க்கும் ‘முடிவு’க்கும் நடுவில்தான் வரும். கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றியது மட்டும் ‘முடிவு’ என்று வரையறுத்தால் தீர்ந்துவிடும். கிண்டலை எழுத்தை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது; “அற்புதம், இன்னொரு தடவை அன்பு உலகத்தைக் காப்பாத்திடுச்சு” என்பது பாராட்டா? அதே ஆளின் முந்தைய இரண்டு கருத்துகளைப் படியுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் 0 போடுங்கள். ஒரே ஆள் பத்து முறை எழுதினாலும் கணக்கில் ஒன்று.

நீங்களே பத்துக்கு எவ்வளவு என்று வாக்கெடுப்பு நடத்தினால் சராசரியோடு நிற்காமல் பரவலையும் வரையுங்கள். 40 பேரில் 14 பேர் 10, 12 பேர் 1, மிச்சம் 14 பேர் 6 போட்டால் சராசரி 5.9. எல்லாரும் 6 போட்டாலும் ஏறத்தாழ அதேதான். முதலாவது ஊரே இரண்டுபட்ட எபிசோட், இரண்டாவது மறுநாளே மறந்துபோகும் எபிசோட். 1 மட்டும் மலைபோல் குவிந்து, கூடவே காரணம் எழுதியவர்கள் குறைவாக இருந்தால், அவர்களில் பலர் பார்க்காமலே வந்து குத்தியிருக்கலாம். 2018 சீசனுக்குத் திறந்தவெளித் தளங்களில் விமர்சகர் மதிப்பும் பொது மதிப்பும் மலைக்கும் மடுவுக்குமாக நின்றதை நினைவில் வையுங்கள். வழி எளிது: வாக்குக்கு முன்னால் எபிசோடின் நடுவிலிருந்து ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள். டிரெய்லரில் வராத காட்சியாக இருக்கட்டும்.

இரண்டு பாகக் கதையில் முதல் பாகத்துக்கு வரும் மதிப்பு பாதி கடன். ‘த ஸ்டோலன் எர்த்’ டாக்டர் உருமாறத் தொடங்கும் இடத்தில் ‘தொடரும்’ போட்டது. அந்த ஒரு வாரம் முழுக்க ரசிகர்கள் பேசியது எபிசோடைப் பற்றி அல்ல, அடுத்த டாக்டர் யார் என்பதைப் பற்றி. இத்தகைய கருத்துக்கு ‘ஊகம்’ என்று எட்டாவது குறி கொடுத்து மதிப்பெண்ணிலிருந்து விலக்கிவிடுங்கள்.

குடும்பத் தொடர் என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளைக் கேட்காமல் விட்டால் எப்படி? அவர்கள் எங்கேயும் எழுதுவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2000களின் நடுவில் பிபிசியின் இணையதளமே ஒரு குடும்பத்தை முன்கூட்டிப் பார்க்கவைத்து, குழந்தைகள் எந்த இடத்தில் எவ்வளவு பயந்தார்கள் என்று வெளியிட்டது. அதே முறை இன்றைக்கும் சரி. முடிந்த பத்து நிமிடத்துக்குள், “பிடிச்சுதா” என்று கேட்காமல் (எல்லாக் குழந்தையும் “ம்” என்றுதான் சொல்லும்), “எந்த இடத்துல கண்ணை மூடிக்கிட்டே? அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கதையைக் கோர்வையாகச் சொன்னால் புரிந்திருக்கிறது. வில்லனை வரையச் சொல்லுங்கள், வரையாவிட்டால் வில்லன் பதியவில்லை. பெற்றோர் அறையில் இருந்தால் அதையும் குறியுங்கள், பதில் மாறும்.

எழுதித் தரும்போது ஒற்றை மதிப்பெண் வேண்டாம், இப்படி எழுதுங்கள்: “ரசிகர்கள் (முதல் நாள், 28 பேர்): நடிப்பு +19, முடிவு −11, பொருத்தம் −4. ரசிகர்கள் (ஏழாம் நாள், 25 பேர்): நடிப்பு +18, முடிவு −3. பொதுமக்கள்: ரசனைக் குறியீடு 82, அதே சீசனின் சராசரி 83. குழந்தைகள் (5 பேர்): நான்கு பேர் சுரங்கக் காட்சியில் கண்ணை மூடினார்கள், ஒருவருக்கும் முடிவு புரியவில்லை.” கீழே ஆறாம் மாதத் தேதியைப் போட்டு ஒரு வரி இடம் விட்டுவையுங்கள்.