சிறுவர் கதையைப் புத்தகமாக, நாடகமாக, படமாக ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைகளுக்காகச் சொந்தமாக ஒரு கதை எழுதி, அதையே படப்புத்தகம், நாடகம், அனிமேஷன் என்று மூன்றாகவும் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களோடு அடிக்கடி வேலை செய்கிறேன். பட்டறைகளில் அவர்களுடைய பிரதிகளைப் படிக்கிறேன், ஒத்திகைகளில் போய் உட்காருகிறேன். தொடக்க காலத்தில் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். கடினமான சொற்கள், நீளமான வாக்கியங்கள் போன்றவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். மாதக்கணக்கான உழைப்பையும் கையிலிருக்கும் பணத்தையும் விழுங்கும் தவறுகள் வேறு.

வயதை முடிவு செய்யாமல் இருப்பது

"3 முதல் 12 வரை" என்று எழுதாதீர்கள். நான்கு வயதுக் குழந்தையைச் சிரிக்க வைப்பது பத்து வயதுக் குழந்தைக்கு அவமானமாக இருக்கும்.

கதைசொல்லியின் வரிகளை அப்படியே மேடைக்குத் தூக்கிச் செல்வது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழைக்குப் பயப்படும் ஒரு குடையைப் பற்றி ஒரு குழு கதை எழுதியிருந்தது. நல்ல கரு. "குடைக்கு மழை என்றாலே நடுக்கம். நனைந்தால் தன் மேல் இருக்கும் பூக்கள் எல்லாம் கரைந்துவிடும் என்று அது நினைத்தது" என்று தொடங்கும். படித்துக் காட்டியபோது சுற்றியிருந்த எல்லோருக்கும் பிடித்துப்போனது. உடனே நாடகமாகப் போடலாம் என்று முடிவெடுத்தார்கள். கதையின் வரிகளை ஒருவர் அழகாக வாசிக்க, அதை ஒலிப்பதிவு செய்தார்கள். குடை வேடம், வீடு போன்ற மேடை அமைப்பு, மழைக்கான ஒளியமைப்பு எல்லாம் தயார். முதல் காட்சியன்று பார்க்கப் போயிருந்தேன்.

பதிவு செய்த குரல் "குடைக்கு மழை என்றாலே நடுக்கம்" என்றது. மேடையில் குடை வேடமிட்ட பெண் நடுங்கினார். "பூக்கள் கரைந்துவிடும் என்று நினைத்தது" என்றது குரல். அவர் தன் பூக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குரல் ஒன்றைச் சொல்வதும் நடிகர் அதையே செய்து காட்டுவதுமாக நாடகம் முழுக்க இப்படியே போனது. கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் தண்ணீர் கேட்க ஆரம்பித்தார்கள். இதற்கிடையே குடை தடுமாறிய ஓர் இடத்தில் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நடிகர் இன்னொரு முறை தடுமாறியிருந்தால் அன்றைய நாடகம் பிழைத்திருக்கும். ஆனால் பதிவு செய்த குரல் காத்திருக்காது. அது அடுத்த வரிக்குப் போய்விட்டது, நடிகரும் அதன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. பிறகு அந்த ஒலிப்பதிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாடகத்தை முதலிலிருந்து எழுதினார்கள். மேடைப் பொருள்களில் பாதி உதவவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? புத்தகத்தில் "நினைத்தது" என்ற ஒரு சொல் போதும், குடையின் மனதுக்குள் போய்விடலாம். வாசித்துக் காட்டும் பெரியவரின் குரல், பக்கத்தில் சாய்ந்திருக்கும் உடம்பு, பார்த்துக்கொண்டே இருக்கக்கூடிய படம், இவையெல்லாம் சேர்ந்து அந்தச் சொல்லுக்கு உயிர் கொடுக்கின்றன. மேடையில் அது நடக்காது. மேடையில் ஒருவர் என்ன செய்கிறார், அவரை எது தடுக்கிறது என்பதிலிருந்துதான் பிள்ளைகள் மனதைப் படிக்கிறார்கள். கண்முன் நடப்பதையே காதிலும் சொன்னால், கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம். அதற்கப்புறம் அவர்களுக்கு அங்கே உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லை.

சரி, எப்படிச் செய்திருக்கலாம்? குடையின் பயம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நிகழ்ச்சியாக ஆக்க வேண்டும். வீட்டுச் சிறுமி தரையில் சுண்ணக்கட்டியால் பூ வரைகிறாள். முதல் தூறல் விழுகிறது. பூ கரைந்து ஓடுகிறது. மூலையில் சாய்ந்திருக்கும் குடை அதைப் பார்க்கிறது. மெதுவாகத் தன் பூக்களைப் பார்க்கிறது. சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஒரு வரி வசனம் வேண்டாம். நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும். அந்தக் குழு இரண்டாம் முறை எழுதியபோது தாங்களாகவே வந்து சேர்ந்த காட்சி இது. அதன் பிறகு சிறுமி வெளியே போகத் துடிக்கிறாள், குடை வர மறுக்கிறது, இருவருக்கும் இழுபறி. நாடகம் கிடைத்துவிட்டது.

இதே நிகழ்ச்சி திரையில் வேறு மாதிரி ஆகும். அங்கே அண்மைக் காட்சி இருக்கிறது. சுண்ணக்கட்டிப் பூவின் ஓர் இதழில் ஒரே ஒரு துளி விழுவதைத் திரை நிறையக் காட்டலாம். அடுத்த ஷாட்டில் குடையின் பூ. இரண்டையும் ஒட்டினால் பயம் பிறந்துவிடும். குடை ஒளிந்து ஓடக்கூடத் தேவையில்லை. புத்தகத்தில் பழைய வரி அப்படியே இருக்கட்டும், அங்கே அது நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் குடை முதல்முறையாக விரியும் இடத்தை மட்டும், பக்கத்தைத் திருப்பியதும் இரண்டு பக்கமும் நிறைந்த ஒரே படமாக வைப்பேன். திருப்பும் விரலே குடையை விரித்த மாதிரி குழந்தைக்குத் தோன்றும். மேடைக்கும் திரைக்கும் அந்த வசதி கிடையாது.

பெரிய அளவில் இதைச் சரியாகச் செய்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். மைக்கேல் மார்பர்கோவின் "வார் ஹார்ஸ்" நாவல் 1982-இல் வந்தது. அதில் கதை சொல்வது குதிரையேதான். 2007-இல் லண்டன் நேஷனல் தியேட்டர் அதை மேடையேற்றியபோது குதிரை ஒரு வார்த்தை பேசவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழு செய்த, நிஜக் குதிரை அளவிலான பொம்மைக் குதிரையை மூன்று பேர் இயக்கினார்கள். அது மூச்சு வாங்கியது, காதைத் திருப்பியது. பார்த்தவர்களுக்கு அதன் பயமும் பாசமும் புரிந்தன. 2011-இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் படத்திலும் குதிரை பேசாது. புத்தகத்தின் முதுகெலும்பு என்று எல்லோரும் நினைக்கும் ஒன்றை எடுத்துவிட்டும் கதை நின்றது, ஏனென்றால் ஒரு பையன், ஒரு குதிரை, பிரிவு, தேடல் என்ற நிகழ்ச்சிகள் குரலை நம்பி இருக்கவில்லை.

நான் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சி இது. பிரதியை எடுத்துக்கொண்டு நினைத்தான், உணர்ந்தாள், புரிந்தது, தோன்றியது, ஆசைப்பட்டது போன்ற சொற்களுக்கெல்லாம் சிவப்பில் கோடு போடுங்கள். அந்த வரிகளை விட்டுவிட்டு மீதியை ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். கதை புரிந்தால் அது மூன்று வடிவத்துக்கும் போகும். புரியாவிட்டால், கோடு போட்ட ஒவ்வொரு வரிக்கும் "இதைக் கண்ணால் பார்க்க என்ன நடக்க வேண்டும்" என்று புத்தகத்துக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று, திரைக்கு ஒன்றாக எழுதுங்கள். மூன்றிலும் ஒரே பதில் வந்தால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

மேடையில் கதைசொல்லியே கூடாது என்று சொல்லவில்லை. அவரும் ஒரு பாத்திரமாக இருக்கட்டும். அவருக்கும் கதையில் ஏதாவது வேண்டும், அவரால் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும். உயிரோடு அங்கே நிற்க வேண்டும். பதிவு செய்த குரல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெரியவர்கள் வந்து தீர்த்து வைப்பது

குழந்தைப் பாத்திரத்தின் சிக்கலைக் குழந்தைப் பாத்திரமே தீர்க்கட்டும்.

எழுத்து முடிவதற்குள் படம் வரையத் தொடங்குவது

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் வருவதற்குக் காரணம் அச்சு. பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் 8, 16 என்ற கணக்கில்தான் விழும். அதனால்தான் 24, 32, 40 என்று போகிறது. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போக, கதைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினான்கு இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். இது தெரியாமல் வரிசையாகப் படம் வரைந்துவிட்டு, கடைசியில் இரண்டு பக்கம் மிஞ்சுகிறது, மூன்று பக்கம் போதவில்லை என்று திண்டாடுகிறார்கள். அப்புறம் ஓவியர் வரைந்து முடித்ததையெல்லாம் மாற்றச் சொல்வார்கள். ஓவியருக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் இது.

வெற்றுத் தாள்களை மடித்துத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். குச்சி உருவங்கள் போதும். கேள்வி வலப்பக்கத்தில் முடிந்து, பதில் திருப்பிய பிறகு வருகிறதா என்று பாருங்கள். முக்கியமான முகம் நடுமடிப்புக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரிவதை எழுத்திலிருந்து வெட்டுங்கள். "சிவப்புச் சட்டை போட்டிருந்தான்" என்று எழுதவே வேண்டாம். மாரிஸ் செண்டாக்கின் "வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்" (1963) புத்தகத்தை மெதுவாகப் புரட்டினால் இந்தப் பாடம் விளங்கும். படங்கள் சிறிய சட்டங்களாகத் தொடங்கி, பையனின் கற்பனை வளர வளரப் பெரிதாகி, உச்சத்தில் மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லாமல் நிற்கின்றன.

எதுகைக்காகக் கதையை வளைப்பது

எதுகை கதைக்குக் குறுக்கே வந்தால் எதுகையை விடுங்கள்.

பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை மதிக்காமல் போவது

"திருடன் எந்தப் பக்கம் போனான், பார்த்தீங்களா?" என்று நடிகர் கேட்பார். அரங்கம் முழுக்க "அந்தப் பக்கம்!" என்று கத்தும். கதைப்படி அவர் எதிர்ப்பக்கம் போக வேண்டும், போய்விடுவார். பிள்ளைகளுக்கு அது நம்பிக்கைத் துரோகம். உண்மையைச் சொன்னோம், இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்க மாட்டார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் கத்துவார்கள். கேட்பதாக இருந்தால் இரண்டு விதமான பதிலுக்கும் வழி எழுதி வையுங்கள். ஒத்திகையில் நிஜக் குழந்தைகளை உட்கார வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. காட்சி மாற்றத்துக்காக விளக்கை முழுதாக அணைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் அழுவார்கள், மற்றவர்கள் பேச ஆரம்பிப்பார்கள், அவர்களைக் கதைக்குள் திரும்பக் கூட்டிவருவது சிரமம். வெளிச்சத்திலேயே பாத்திரங்கள் மேடை அமைப்பை மாற்றட்டும். நாற்காலி படகாவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அனிமேஷன் என்றதும் முழுநீளப் படத்தை நினைப்பது

திரைக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள், சேர்ந்தால்தான் ஒரு நொடி. ஒவ்வொரு நொடிக்கும் யாரோ உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். முதலில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவான ஒன்றை முடியுங்கள். அதற்கும் முன்பு ஸ்டோரிபோர்டை (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்களை) நேரக் கணக்கோடு ஓடவிட்டு, தற்காலிகக் குரல் சேர்த்து ஒரு அனிமேட்டிக் செய்து பாருங்கள். எங்கே தொய்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும், வெட்டுவதற்கும் செலவில்லை. வண்ணமும் அசைவும் சேர்த்த பிறகு வெட்டினால் வெட்டுவது யாரோ ஒருவரின் பல வார உழைப்பை.

வீட்டுக் குழந்தையிடம் சோதிப்பது

உங்கள் குழந்தைக்கு உங்களைப் பிடிக்கும், அதனால் கதையும் பிடிக்கும். உங்களைத் தெரியாத குழந்தைகளிடம் வேறொருவர் வாசிக்கட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து கவனியுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் கண் வேறெங்கோ போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவர்களையே அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். எதை விட்டுவிடுகிறார்களோ அது தேவையில்லாததாக இருக்கலாம்.

முதல் ஒப்பந்தத்திலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது

புத்தகம் வரப் போகிறது என்ற மகிழ்ச்சியில், "இப்போது உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா வடிவங்களிலும்" என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை (1886-இல் தொடங்கிப் பலமுறை திருத்தப்பட்டது) மொழிபெயர்ப்பு, தழுவல், மேடையேற்றம், படமாக்கல் ஒவ்வொன்றையும் படைப்பாளியின் உரிமையாகத் தனித்தனியே சொல்கிறது. தனித்தனியாக இருப்பதைத் தனித்தனியாகவே கொடுங்கள். ஜே. எம். பாரியின் "பீட்டர் பேன்" 1904-இல் நாடகமாக வந்து 1911-இல் நாவலானது. 1929-இல் அதன் உரிமையை லண்டனிலுள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு அவர் கொடுத்தார். பல பத்தாண்டுகள் அந்த மருத்துவமனைக்கு அதிலிருந்து வருமானம் வந்தது. உரிமை அவர் கையில் இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது.

பலர் மறந்துவிடும் இன்னொரு பக்கமும் உண்டு. புத்தகத்தில் குடை எப்படி இருக்கும் என்று முடிவு செய்தவர் ஓவியர். அந்தத் தோற்றத்தை மேடை வேடமாகவோ அனிமேஷன் உருவமாகவோ பயன்படுத்த அவருடைய சம்மதம் வேண்டும். பாட்டுக்கு இசையமைத்தவருக்கும் இப்படித்தான். நட்பாக இருக்கும்போதே, யாருக்கு எதில் எவ்வளவு பங்கு, யார் விலகினால் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பதிப்பாளர் நாடக உரிமையும் பட உரிமையும் கேட்டால் கால வரம்பு கேளுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அவர் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களிடம் திரும்பிவிடும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.