முட்டைத் தொக்கு: முட்டையை எப்போது போடுவது, எங்கே தவறுகிறோம்

முட்டைத் தொக்கு சப்பென்று போய்விட்டது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: முட்டையை எப்போது போட்டீர்கள்? பெரும்பாலும் வருகிற பதில், "தக்காளி வதங்கினதும் போட்டுட்டேன், மசாலாவோட சேர்ந்து கொதிக்கட்டும்னு." அங்கேதான் சிக்கல்.

ஆட்டுக்கறியையோ கோழியையோ குழம்பில் போட்டால், கொதிக்கக் கொதிக்க அது தன் சாற்றையும் கொழுப்பையும் குழம்புக்குக் கொடுக்கும். எலும்பின் ருசி இறங்கும். மசாலா கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் கறி அதைத் தூக்கிவிடும். அவித்த முட்டை குழம்புக்கு எதையும் கொடுக்காது. அது ஏற்கெனவே வெந்து முடிந்த பொருள். கொதிக்க விட்டால் வெள்ளைக்கரு ரப்பராகும், அவ்வளவுதான். ஆகவே முட்டை உள்ளே போவதற்கு முன்பே தொக்கு முழுசாக முடிந்திருக்க வேண்டும். வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாலே நன்றாக இருக்கிற மசாலாவில்தான் முட்டை நன்றாக இருக்கும்.

சரி, அவிப்பதிலிருந்து வருவோம். 20 நிமிடம், 25 நிமிடம் என்று கொதிக்க விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது பல வீடுகளில் வழக்கம். உரித்து நறுக்கினால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் தெரியும். வெள்ளைக்கருவில் உள்ள கந்தகம் அதிகச் சூட்டில் வாயுவாகி, மஞ்சள் கருவின் இரும்போடு சேர்வதால் வருவது அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் முட்டையின் கவுச்சி தூக்கலாவதற்குக் காரணமும் அதே கந்தக வாயுதான். கவுச்சியை மறைக்க இஞ்சி பூண்டை அள்ளிப் போடுவார்கள். அடுப்பைச் சீக்கிரம் அணைத்திருந்தால் போதும். தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் மெல்ல முட்டையை இறக்கி 10 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். நாட்டுக்கோழி முட்டை சிறியது, இன்னும் ஓரிரு நிமிடம் குறையலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே கொதிநீரில் போட்டால் ஓடு விரிசல் விடும், கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும்.

அன்றைக்கே இட்ட முட்டையாக இருந்தால் ஓட்டோடு சதையும் பிய்ந்து வரும். உங்கள் கைமேல் குற்றமில்லை. நாளாக ஆகத்தான் முட்டைக்குள் இருக்கும் கரியமிலவாயு ஓட்டின் நுண்துளைகள் வழியாக வெளியேறி, வெள்ளைக்கரு ஓட்டின் உள்தோலைப் பிடித்திருக்கும் பிடி தளரும். அவிப்பதற்கு ஒரு வாரம் இருந்த முட்டையே நல்லது. புது முட்டையை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உரித்த முட்டையில் நாலு கீறல் போடுகிறோம். கீறல் வெள்ளைக்கருவோடு நிற்க வேண்டும். கத்தி மஞ்சள் கருவைத் தொட்டால் அது உதிர்ந்து மசாலாவில் கரைந்து, தொக்கு மாவு மாதிரி ஆகிவிடும். எண்ணெயில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு முட்டையைப் புரட்டி எடுப்பவர்கள், ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் கைமேல் தெறிக்கும். சிறு தீயில் ஒரு நிமிடம் போதும்.

இனி வெங்காயம். தொக்கின் ருசியில் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது, அவசரப்படுவதும் இங்கேதான். 6 முட்டைக்கு நான் எடுப்பது கால் கிலோ சின்ன வெங்காயம், நடுத்தர அளவில் 2 தக்காளி, 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெயைக் குறைத்தால் வெங்காயம் வதங்காது, அவிந்துபோகும். சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, வெங்காயத்தோடேயே கொஞ்சம் உப்பும் சேர்த்தால் தண்ணீர் விட்டுச் சீக்கிரம் குழையும். கண்ணாடி மாதிரி ஆனதும் "வதங்கிடுச்சு" என்று தக்காளியைக் கொட்டிவிடாதீர்கள். தக்காளியின் புளிப்பும் தண்ணீரும் சேர்ந்த பிறகு வெங்காயம் சிவக்கவே சிவக்காது. எவ்வளவு நேரம் கிளறினாலும் அந்தப் பச்சை இனிப்பு தொக்கில் நிற்கும். மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம், ஓரங்கள் பொன்னிறமாகும் வரை காத்திருங்கள். அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடாக எந்த மசாலாப் பொடியும் கிடையாது.

அப்புறம் இஞ்சி பூண்டு விழுது, அதன் பச்சை வாசனை போனதும் தக்காளி. மிளகாய்த்தூளைத் தக்காளிக்கு முன்னால், புகைகிற எண்ணெயில் போடுவது ஆபத்தான பழக்கம். சில நொடிகளில் கருகிவிடும். கருகிய மிளகாயின் கசப்பை வெல்லமோ சர்க்கரையோ எடுக்காது. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி. தக்காளி குழைந்து ஈரம் இருக்கும்போது தூளைச் சேர்த்து, தீயைக் குறைத்து, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மிதக்கும் வரை விடுங்கள். எண்ணெய் பிரிவது வெறும் அழகுக்கு இல்லை. தண்ணீர் வற்றி, மசாலா எண்ணெயில் வறுபடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

காரம் என்றாலே மிளகாய்த்தூளைக் கூட்டுவது என்று நினைப்பதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற தவறு. காஷ்மீரி மிளகாய் நிறம் தரும், காரம் குறைவு. குண்டூர் மிளகாய் சுள்ளென்று ஏறும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய் தாளிப்பில் கிடந்தால் அதன் மணமே தனி. எந்த மிளகாய் என்று தெரியாமல் "2 கரண்டி" என்று கண்ணை மூடிப் போட்டால், ஒரு நாள் ஒன்றும் உறைக்காது, மறுநாள் வாயில் வைக்க முடியாது. என் கணக்கு ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், மிச்சக் காரத்துக்கு மிளகு. போர்த்துகீசியர் வழியாக மிளகாய் வந்து சேரும் முன் இந்த மண்ணின் காரமே மிளகுதான். மிளகு போல உறைக்கும் காய் என்றுதானே அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தோம். முட்டையும் மிளகும் அவ்வளவு பொருந்தும். ஆனால் மிளகைத் தொடக்கத்திலேயே போட்டுக் கொதிக்க விட்டால் உறைப்பு மட்டும் தங்கி மணம் ஆவியாகிவிடும். அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன், அப்போதே இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. ஒரு மாதத்துக்கு முன் பொடித்து டப்பாவில் வைத்தது வேண்டாம்.

காரம் கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மிளகாயின் உறைப்பு எண்ணெயில்தான் கரையும். தண்ணீர் உப்பையும் புளிப்பையும்தான் நீர்க்க வைக்கும். கெட்டித் தேங்காய்ப்பால் சேருங்கள், சேர்த்த பிறகு தளதளவென்று கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

மசாலா முடிந்ததும் முட்டையைப் போட்டு, உடையாமல் புரட்டி, 2 நிமிடம் சிறு தீயில் வைத்து அணைத்துவிடுங்கள். மூடி, 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். கீறல்களுக்குள் உப்பும் உறைப்பும் இறங்குவது அந்த நேரத்தில்தான். இறக்கிய உடனே பரிமாறினால் முட்டை தனியாக, மசாலா தனியாக இருக்கும்.

முட்டையை அவிக்காமல் உடைத்து ஊற்றுகிற வீடுகளும் உண்டு. அதற்குத் தொக்கு தளர்வாக, குழம்புப் பதத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, தீயைக் குறைத்து, இடைவெளி விட்டு ஊற்றி மூடிவிடுங்கள். 5 நிமிடத்துக்குக் கரண்டி உள்ளே போகக் கூடாது. கிளறினால் குழம்பு முழுக்க வெள்ளை இழைகள்தான் மிஞ்சும்.

மிஞ்சியதை இரவு முழுக்க அடுப்பு மேடையில் விடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் முழு முட்டையோடு மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். உள்ளே நீராவி சேர்ந்து முட்டை வெடிக்கும், சில சமயம் வெளியே எடுத்துக் கடிக்கும்போதுகூட. முட்டைகளை எடுத்துப் பாதியாக நறுக்கி வையுங்கள். மசாலாவில் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு நன்றாகக் கொதி வந்ததும், வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி முட்டைகளை அடுக்கி, மூடி, சிறு தீயில் உள்வரை சூடேறும் மட்டும் வைத்து எடுங்கள்.