ஹூக்கா கழுவ ஆப்பசோடாவும் எலுமிச்சையும் போதும்

கூத்தாநல்லூர், நாகூர் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த ஹூக்கா, அதாவது புகையிலைப் புகையைத் தண்ணீர் வழியாக இழுக்கும் கருவி, சில வீடுகளில் இருக்கும். கண்ணாடிக் குடுவையை மட்டும் அலசி வைத்துவிடுவார்கள். நாற்றம் பிடிப்பது நடுத்தண்டில்தான். உள்ளே பழுப்பாகப் பிசுக்கு படிந்து, வெறும் தண்ணீருக்கு அசையாது.

தண்டின் அடிவாயைத் துணியால் அடைத்து, இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா போட்டு, எலுமிச்சைச் சாற்றை மெதுவாக ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால் சிங்க்கிலேயே வைத்துச் செய்யுங்கள். கால் மணி நேரம் கழித்து நீளமான பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசலாம். அந்த வெந்நீரைக் கண்ணாடியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விடும்.

கடலோரத்து போர் தண்ணீர் உப்பு. குடுவையில் வெள்ளைக் கறை கட்டும். கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்தால் இளகிவிடும்.

பித்தளைத் தண்டு என்றால் வெளிப்பக்கத்துக்குப் புளிதான், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரியே. ஆனால் புளியை அப்படியே காயவிடாமல் உடனே கழுவித் துடைக்க வேண்டும். மேலே புகையிலை வைக்கிற மண் கிண்ணத்துக்குச் சோப்பு வேண்டாம், வாசனையை இழுத்துக்கொள்ளும். வெந்நீரே சரி.

புகை இழுக்கிற குழாய் சிலிக்கோன் என்றால் தாராளமாகக் கழுவலாம். உள்ளே கம்பிச்சுருள் வைத்த பழைய தோல் குழாயில் தண்ணீர் படக்கூடாது, துருப்பிடிக்கும். ஊதித் தூசி எடுத்தால் போதும். ரப்பர் வாஷர்களைக் கழற்றித் துடைத்து, எல்லாம் ஈரம் போகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் கூடுதலாகவே ஆகும்.

அப்புறம், கழுவிச் சுத்தமாக வைத்தாலும் புகையிலைப் புகை புகைதான். குடுவைத் தண்ணீர் அதன் நஞ்சை வடிகட்டாது.