வேம்புக் கட்டை துளிர்த்தது, விறகு மட்டும் வரவில்லை: என் அனுபவம்

மானாவாரி நிலத்து வரப்பு வேம்புகளை விறகுக்கு வெட்டி விற்றபின் கட்டைகள் நன்றாகவே துளிர்த்தன. ஆனால் துளிர்கள் புதராக அடர்ந்து சுள்ளியாகவே நின்றன. விரல் பருமன் தாண்டியவையும் காற்றில் ஒடிந்தன. அடுத்த விறகு வருமானம் எப்போது என்றே தெரியவில்லை.

முதலில் ஆடு கடிக்கிறது என்று முள்வேலி போட்டேன். துளிர் இன்னும் அடர்ந்ததே தவிர பருக்கவில்லை. எருவும் பயன்படவில்லை. இடையில் நட்ட புதுக் கன்றுகள் கோடையில் காய்ந்தன.

ஒடிந்து விழுந்த துளிர்களின் அடியைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எல்லாவற்றிலும் ஒரு பட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. கட்டையின் மேல்விளிம்பில், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே முளைத்தவை அவை, பிடிமானமே கிடையாது. மண்ணை ஒட்டி, வேர்க்கழுத்திலிருந்து வந்தவை அசையாமல் நின்றன.

சரி என்று, மழைக்கு முன், இலை உதிர்ந்த காலத்தில், உயரமான கட்டைகளைத் தரையை ஒட்டிச் சாய்வாக, பட்டை கிழியாமல் அறுத்தேன். வேரில் உணவுச் சேமிப்பு நிறைந்திருக்கும் காலம் அது. பிறகு துளிர்த்தவற்றில் அடியிலிருந்து வந்த மூன்றை மட்டும், திசைக்கொன்றாக விட்டு, மற்றவற்றைக் கழித்தேன். விட்டவற்றிலும் கீழ்ப்பாதிப் பக்கக்கிளைகளை நறுக்கினேன். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுத் தென்பகுதி உழவர்கள் 1980களிலிருந்து இப்படித் தேர்ந்து கவாத்து செய்துதான் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டார்கள்.

கழித்த சுள்ளியே முதல் வருட அடுப்புக்கு ஆயிற்று. இப்போது தண்டுகள் பருத்து நிற்கின்றன, பெரிய நிம்மதி. மூன்றையும் ஒன்றாக வெட்டுவதில்லை. பருத்த ஒன்றை எடுத்ததும், அதே அடியில் புதுத் துளிர் ஒன்றை விட்டுவிடுகிறேன்.